கொஞ்சம் பழசாக

சனிக்கிழமை எங்கள் நகைக்கடன் ஆபீசுக்கு அரை நாள்.
தராசுக்கு உறை போட்டுவிட்டு
மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறுவேன்.
தெற்கத்திக் காற்றடித்தால்
முதுநகர் வருமுன்பே சிப்காட் வாடை
டிக்கெட் எடுக்காமல் ஏறிக்கொள்ளும்.

பையில் இருபத்தாறு படிவங்கள்.
எங்கேயோ தூரத்தில் இருப்பவர்கள்
இந்தப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள்.
நோட்டு, பால்பவுடர், பள்ளிக்கூட வேன்.
பொய்யில்லை, நானே பில் பார்த்திருக்கிறேன்.
பதிலுக்கு வருஷம் ஒரு கடிதம், ஒரு போட்டோ.
எழுதுவதும் எடுப்பதும் என் வேலை.
சம்பளம் கிடையாது. டீ உண்டு.

சோனங்குப்பம் வலைக்கூடத்து நிழலில்
வரிசையாய் உட்கார்ந்திருந்தார்கள்.
உனக்குப் பிடித்த விலங்கு?
"சுறா." "நாயி." "ஐஸ் கம்பெனி நாயி."
பெரியவனானால் என்னவாக ஆசை?
டாக்டர் என்று ஒருத்தி சொன்னதும்
அவளுக்குப் பின்னால் பதினொரு டாக்டர்கள்.
சஞ்சித் மட்டும் யோசித்தான்.
"போட்டுக்கு டீசல் போடுறவரு."
ஏன்டா?
"எல்லாரும் அவரத் தேடித்தான வராங்க."
எழுதிக்கொண்டேன்.

சிக்கல் அவன் படத்தில்தான்.
அஞ்சலாட்சி அக்கா விடியற்காலையிலேயே
அவனைக் குளிப்பாட்டியிருந்தாள்.
சட்டை பக்கத்து வீட்டு ரித்தீஷுடையது,
கல்யாணத்துக்கு எடுத்தது, பொத்தானெல்லாம் தங்க நிறம்.
கையை இரண்டு மடிப்பு மடித்து ஊக்கு குத்தி
சொம்பில் வெந்நீர் ஊற்றித் தேய்த்திருந்தாள்.
வியர்வை படக்கூடாதென்று
கைகளை உடம்பில் ஒட்டாமல் அகட்டிக்கொண்டு
ஒரு சின்னப் பயில்வான் மாதிரி நடந்து வந்தான்.

எடுத்தேன். அனுப்பினேன்.
நீல டிக் விழுந்ததும்
பெர்னார்டு சார் போனில் கூப்பிட்டார்.
கெட்டவர் இல்லை.
சுனாமி வருஷம் இதே கரையில்
பிள்ளைகளைத் தோளில் தூக்கி ஓடியவர்.
"படம் அழகா இருக்குப்பா.
அதான் சிக்கல்.
கொஞ்சம் பழசா எதாவது போட்டு...
அந்தச் சிரிப்பும்... நீயே பாத்துக்க."

அக்காவிடம் போய்
வெளிச்சம் சரியில்லை என்றேன்.
வெளிச்சம் உப்பனாற்றில் பட்டு
கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது.
அவள் ஆற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
போன செவ்வாய் அவள் கம்மலை
கல் எடை கழித்து
மூன்று கிராம் நாற்பது என்று எழுதியவன் நான்.
அன்றைக்கும் இதே பார்வைதான்.
ஒன்றும் கேட்காமல் குனிந்து
தங்கப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினாள்.

"பழசுன்னா எவ்ளோ பழசு வேணும் சார்?"
கேட்டது சஞ்சித்.
குரலில் கிண்டல் இல்லை,
ஐஸ் எத்தனை கிலோ என்று கேட்பதுபோல.
உள்ளே ஓடிப்போய்
மூன்று சட்டை கொண்டுவந்து மணலில் விரித்தான்.
"இது தோள்ல கிழிஞ்சது.
இது சாயம் போனது.
இது எங்கப்பாது. அவரு வர மாட்டாரு,
எடுத்துக்கலாம்."

நான் எதையும் எடுக்கவில்லை.
முதலில் எடுத்த படத்துக்கே
வேறு எண் போட்டு மறுபடி அனுப்பினேன்.
நீல டிக்.
பெர்னார்டு சார் இன்னும் பதில் போடவில்லை.
போடலாம். திட்டலாம்.
இந்த வருஷம் அவன் பெயருக்குப்
பணம் வராமலும் போகலாம்.
அந்தப் பணத்தில்தான் வேன் வருகிறது.
நல்லது செய்துவிட்டேன் என்று
நான் எங்கும் சொல்லிக்கொள்ள முடியாது.

ரித்தீஷின் அம்மா வாங்கிப்போக வந்து நிற்கிறாள்.
கடையில் மடித்திருந்த அதே கோட்டில்
அக்கா சட்டையை மடிக்கிறாள்.
எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிறது.
வெற்று உடம்போடு
மணலில் பாதித் தூரம் கூடவே வருகிறான்.

"சார், பாரத்துல டீசல்னு எழுதிட்டீங்கல்ல?"
எழுதிட்டேன்டா.
"அடிக்கலயே?"